கறுப்பின் முறை

இரங்கல் கூட்டத்தில் நான்காவது ஆளாகக் கோமதிநாயகம் பேசிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் குதிரை என் கண்ணில் பட்டது. அதுவரை பார்க்காமல் இல்லை. முக்கால் மணி நேரமாக எனக்கு நேர் எதிரே, சுவரில் தொங்கும் காந்தப் பலகையில் அது நின்றுகொண்டுதான் இருக்கிறது, கறுப்புக் குதிரை, கறுப்பு ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில். செக்ரட்டரி வேலாயுதம் காலையிலேயே வந்து அந்த நிலையை அடுக்கி, பலகைக்கு மேலே ஒரு மாலையும் போட்டு, கீழே சாக்பீஸில் எழுதிவைத்திருக்கிறார்: ‘சர்வேயர் ஞானதிரவியம் அண்ணாச்சி அவர்களின் கடைசி ஆட்டம்’. அதற்கும் கீழே சின்ன எழுத்தில், ‘வெள்ளை: பூலோகபாண்டியன். வெற்றி: வெள்ளை’. பூலோகபாண்டியன் நான்தான். மின்வாரியத்தில் மீட்டர் ரீடிங் எடுக்கிறவன், பதினேழு வருஷமாக இந்தச் செஸ் கிளப்பில் அண்ணாச்சியிடம் தோற்றுக்கொண்டே இருந்தவன், போன ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாக ஜெயித்தவன். எல்லாரும் என்னைத் துக்கக்காரன் வரிசையில், அவர் மகள் ஹெப்சிக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார வைத்திருக்கிறார்கள். துக்கம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் துக்கத்துக்கு ஓரத்தில் கொஞ்சம் இனித்துக்கொண்டும் இருந்தது, ‘வெற்றி: வெள்ளை’ என்று இருப்பதை நானே நாலைந்து தடவை படித்துக்கொண்டேன், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். கோமதிநாயகம் பேசினால் லேசில் முடிக்கமாட்டார். கீழே வேலாயுதத்தின் உரக்கடையிலிருந்து பூச்சிமருந்து வாடை மாடிக்கு ஏறி வருகிறது, ஃபேன் அதையே சுற்றிச் சுற்றி அடிக்கிறது, பொழுது போகாமல் பலகையைப் பார்த்தேன், பழக்கதோஷம், கறுப்புக்கு என்ன நகர்த்தல் இருக்கிறது என்று பார்த்தேன். குதிரை இரண்டு கட்டம் முன்னால் போய் ஒரு கட்டம் இடதுபுறம் திரும்பினால் என் ராஜாவுக்கு செக். அங்கே நின்றபடியே அது என் ராணியையும் பார்க்கிறது. ராஜா நகர்ந்தே ஆக வேண்டும், அடுத்த கணம் ராணி போயிற்று. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது, ஆனால் வெற்றி வெள்ளைக்கு இல்லை.

வேலாயுதம் தப்பாக அடுக்கியிருப்பார். அவருக்கு உர மூட்டையை அடுக்கத் தெரியும், காயை அடுக்கும்போது ஒரு கட்டம் தள்ளிவைக்கிறது அவருக்குப் புதிதில்லை. சட்டைப் பையில் நகர்த்தலெல்லாம் எழுதிய என் ஆட்டத்தாள் இருக்கிறது, ஒரு வாரமாக அங்கேதான் இருக்கிறது, வீட்டுக்காரி சட்டையைத் துவைக்கப் போட்டபோதுகூட எடுத்து வேறு சட்டைக்கு மாற்றினேன். விரித்து மடிமேல் வைத்துக்கொண்டு, கோமதிநாயகத்தின் பேச்சைக் குறிப்பெடுக்கிறவன் மாதிரி குனிந்து, கடைசி நாலு வரியைச் சரிபார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. முப்பத்து நாலாவது நகர்த்தலில் என் ராணி அந்தச் சிப்பாயை வெட்டியிருக்கிறது. வெட்டிய உடனே எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது, அண்ணாச்சி ஒரு சிப்பாயைச் சும்மா விட்டுவிட்டாரே என்று. அண்ணாச்சி எதையும் சும்மா விடுகிறவரா. நாற்பது வருஷம் சங்கிலி பிடித்து நிலம் அளந்தவர், வரப்பில் அரை அடி தள்ளிப்போனால் திரும்பவும் முதல் கல்லிலிருந்து அளக்கிறவர், அவர் எனக்காக அந்தச் சிப்பாயை அங்கே போட்டுவைத்திருக்கிறார், நானும் போய்க் கவ்வியிருக்கிறேன். அப்படியென்றால் அவருக்குக் குதிரை தெரியும். எனக்கே தெரிகிறது, ஒரு வாரம் கழித்து, பத்தடி தூரத்தில், பூமாலைக்குக் கீழே. அவருக்குத் தெரியாமலா இருக்கும். தெரிந்தவர் எதற்காக ராஜாவைச் சாய்த்துத் தோல்வியை ஒப்புக்கொண்டார். ஜெயிக்கிற ஆட்டத்தில் யாராவது ராஜாவைச் சாய்ப்பார்களா. எனக்காக விட்டுக்கொடுத்தாரோ. சே, அண்ணாச்சியா. சொந்த மகளுக்கே ஏழு வயசில் ஒரு ஆட்டம் விட்டுக்கொடுக்காதவர். குதிரை ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டத்தில் நிற்கிறது. பக்கத்துக் கட்டம். கை குதிரைக்குத்தான் போயிருக்கிறது. கை போய்ச் சேரவில்லை.

நாற்காலியின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இல்லை, இரு, அவசரப்படாதே, முதலிலிருந்து பார், மீட்டரை இரண்டு தடவை பார்க்கிறவன்தானே நீ. அவர் வலது கை மேஜையிலிருந்து கிளம்பியது. மெதுவாகக் கிளம்பியது, அவர் எப்போதும் அப்படித்தான், காயைத் தொடுவதற்கு முன்னால் கையை ஒரு கணம் அந்தரத்தில் நிறுத்துவார். அன்றைக்கும் நின்றது. அப்புறம் கை முழுசாகக் கீழே வந்தது. இறக்கியது என்று ஒரு வாரமாக என் மனசில் இருந்தது, இப்போது பார்க்கிறேன், இறக்கவில்லை, விழுந்தது. புறங்கை பட்டு ராஜா சாய்ந்து உருண்டு, என் பக்கம் வந்து, என் ஆட்டத்தாளில் முட்டி நின்றது. கை மேஜை விளிம்பில் ஒரு தடவை தங்கி, மடிக்குள் போய்விட்டது. நான் என்ன பார்த்தேன். ராஜாவைத்தான் பார்த்தேன். பதினேழு வருஷமாக அந்த ஒரு காட்சியைக் கனவு கண்டவன், சாய்ந்த ராஜாவைத் தவிர வேறு எதைப் பார்ப்பேன். ராஜா சாய்ந்தால் ஆட்டத்தை ஒப்புக்கொடுத்துவிட்டார் என்று அர்த்தம், உலகம் பூராவும் அதுதான் வழக்கம், இதில் என்ன சந்தேகம் வரும். அவர் வாயின் ஒரு ஓரம் கீழே இறங்கியிருந்தது. தோற்ற வருத்தம் என்று நினைத்தேன். வருத்தம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். எழுந்து நின்று கையை நீட்டினேன். அவர் இடது கையைக் கொடுத்தார். எனக்குச் சுருக்கென்றது. ஊரில் சின்னப் பையன்கூட இடது கையால் கொடுத்தால் வாங்கமாட்டான், இத்தனை வருஷம் மரியாதையைப் பற்றி எங்களுக்கெல்லாம் சொல்லித் தந்த மனுஷன், ஒரு ஆட்டம் தோற்றதற்கா இந்த அலட்சியம் என்று தோன்றியது. சரி, போகட்டும் என்று நானும் இடது கையாலேயே பிடித்தேன். பிடித்தார். அப்புறம் நான் படியிறங்கிக்கொண்டிருந்தேன். பிடித்தார் என்பதற்கும் படியிறங்கினேன் என்பதற்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, மனசு அதற்குக் கிட்டே போய்ப் போய்த் தாண்டிக் குதித்துவிடுகிறது, சாக்கடையைத் தாண்டுகிற மாதிரி.

அவரைத் தனியே விட்டுவிட்டுப் போனேன். அது என் தப்பில்லை, அது கிளப் வழக்கம். வழக்கத்தைக் கொண்டுவந்தவரே அண்ணாச்சிதான், கொண்டுவந்ததே எனக்காகத்தான். நான் சேர்ந்த புதுசில் ஒருநாள் ஜெயிக்கிற ஆட்டத்தைக் கோட்டைவிட்டேன். சுற்றி நின்று நாலு பேர் சிரித்தார்கள், இப்போது மைக்கில் அழுதுகொண்டிருக்கும் கோமதிநாயகம் உள்பட, ‘பூலோகத்துக்கு இன்னைக்கு பூலோகமே சுத்துதே’ என்று. எனக்கு வந்த கோபத்தில் பலகையை அப்படியே தூக்கி ஜன்னல் வழியாக எறிந்தேன், காயெல்லாம் கீழே யூரியா மூட்டைமேல் போய் விழுந்தது. எல்லாரும் என்னைக் கிளப்பைவிட்டு நீக்கச் சொன்னார்கள். அண்ணாச்சி கீழே போய் ஒரு காய் விடாமல் தானே பொறுக்கிக்கொண்டு வந்து மேஜையில் வைத்துவிட்டுச் சொன்னார், ‘பையனை நீக்க வேண்டாம் வே. இனிமே தோத்தவன்கிட்ட யாரும் போய்ப் பேசப்படாது. ஆறுதலும் சொல்லப்படாது, கேலியும் பண்ணப்படாது. அவனா எந்திரிச்சி வாறவரைக்கும் அவனை விட்டுரணும். அதான் இங்க சட்டம்.’ அன்றையிலிருந்து சட்டம். தோற்றவர் பலகைக்கு முன்னால் அஞ்சு நிமிஷம் இருப்பார், அரை மணி இருப்பார், யாரும் அந்தப் பக்கமே போகமாட்டோம். வெளியூர்க்காரர்கள் வந்தால் ஆச்சரியப்படுவார்கள், எங்களுக்கும் அதில் ஒரு பெருமை. ஆகவே நான் அவரை மரியாதையோடு விட்டுவிட்டுப் போனேன். மரியாதையோடு ‘வெள்ளை வெற்றி’ என்று பதிவு நோட்டில் எழுதிவிட்டு, எதிர்த்த டீக்கடைக்குப் போய், ஒரு டீயும் இரண்டு உளுந்த வடையும் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டேன். ‘ஏட்டி, அண்ணாச்சியை ஜெயிச்சிட்டேன்’ என்றேன். ‘யாரு, சர்வேயரையா’ என்று அவளே நம்பவில்லை. ‘ஆமா. மனுசனுக்கு முகமே செத்துப்போச்சி. கை குடுன்னா இடது கையைக் குடுக்காரு, அம்புட்டுக் கடுப்பு’ என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். பன்னிரண்டு மணி நாலு நிமிஷம். போனில் இன்னும் இருக்கிறது, நான் அழிக்கவில்லை.

மேலே வந்தபோது அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் இடம் ஜன்னல் ஓரம், ஹாலுக்கு முதுகு காட்டித்தான் உட்காருவார், யாருக்கும் முகம் தெரியாது. முதுகு நேராக இல்லை, வலப்பக்கம் கொஞ்சம் சரிந்து சுவரில் சாய்ந்திருந்தது, ஆட்டத்தை ஆராய்கிறார் என்று நினைத்தேன். நான் மட்டுமா, மற்ற மேஜையில் ஆறு பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள், அவர்களும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நானாவது கிட்டே போயிருக்கலாம். எனக்குப் போக ஆசையாகவும் இருந்தது, அவர் திரும்பி ‘நல்லா ஆடினே பாண்டியா’ என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று. அதைக் கேட்பதற்காகவே கதவு ஓரத்தில் நின்றேன், வடை எண்ணெயைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, அவராக எழுந்து வரட்டும் என்று. வேலாயுதம்தான் சாப்பாட்டுக்குக் கடையை மூடப்போகிறேன் என்று சொல்ல மேலே வந்தவர், சட்டத்தை மறந்து அவர் தோளைத் தொட்டார். பன்னிரண்டு இருபத்து நாலு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், எதற்கென்று தெரியாமலே பார்த்தேன், எண் கண்ணில் பட்டால் பதிந்துவிடுகிற தொழில். ஆஸ்பத்திரியில் டாக்டர், ‘பக்கவாதம் ஆரம்பிச்சி ரொம்ப நேரம் ஆயிருக்குமே’ என்று கேட்டார். ஆட்டம் எப்போது முடிந்தது என்று தெரியாத வேலாயுதம், ‘இல்ல சார், ஆட்டம் முடிஞ்ச மறுநிமிசமே தூக்கிட்டு வந்துட்டோம்’ என்றார். நான் பக்கத்தில் நின்று தலையை ஆட்டினேன். டீக்கடையும் வடையும் சொல்லக் கூச்சமாக இருந்தது, அதனால்தான் ஆட்டினேன், சத்தியமாக அதற்கு மேல் எனக்கு அப்போது ஒன்றும் தெரியாது. மறுநாள் சாயங்காலம் போய்விட்டார். இன்றைக்குக் காலையில் மாடிப்படியில் ஹெப்சி என்னை நிறுத்தினாள். தூத்துக்குடியில் பிசியோதெரபிஸ்ட், இந்த மாதிரிக் கை கால் விழுந்தவர்களைத்தான் தினமும் நடக்க வைக்கிறாள். ‘சித்தப்பா, ஆட்டம் முடிஞ்ச உடனேவா மயங்கினாவ?’ என்று கேட்டாள். ‘ஆமாம்மா, உடனே’ என்றேன். அவள் கைப்பிடிச் சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னாள், ‘அப்ப என் தப்புதான். போன வாரம் போன்ல தலை ஒரு மாதிரி கிறுகிறுங்குன்னாவ. வெயில்ல அலையாதீங்கப்பான்னு சொல்லிட்டு வச்சிட்டேன். நான், இதே வேலை பாக்குறவ, வெயிலுன்னு சொல்லிட்டேன்.’ நான் என்ன சொன்னேன். ‘விதி வந்தா என்னம்மா செய்ய முடியும்’ என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். விதி கதவு ஓரத்தில் நின்று வடை எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தது.

யாருக்கும் தெரியாது. அதை முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொள். இங்கே முப்பது பேர் இருக்கிறார்கள், முப்பது பேருக்கும் ஆடத் தெரியும், ஒருத்தர்கூட அந்தக் குதிரையைப் பார்க்கவில்லை. முடிவு எழுதிப்போட்ட ஆட்டத்தை யார் திரும்ப ஆடிப் பார்ப்பார்கள். பேசினவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள், ராஜாவைச் சாய்த்து, கை குலுக்கி, கௌரவமாகத் தோல்வியை ஒப்புக்கொண்டு அமைதியாகக் கண்ணை மூடினார் என்று. வேலாயுதம் அதையே கல்லில் வெட்டப் போகிறாராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஹெப்சிகூட அந்த இடத்தில் லேசாகத் தலையாட்டினாள். நான் எழுந்து, ‘அண்ணாச்சி எனக்கு அப்பா மாதிரி’ என்று ஆரம்பித்து, காய் பொறுக்கிய கதையைச் சொல்லி, குரல் கம்ம உட்கார்ந்துவிடலாம். குரல் தானாகவே கம்மும், நடிக்க வேண்டியதில்லை. சொன்னால் யாருக்கு என்ன லாபம், அவர் திரும்பி வரப் போகிறாரா. சொன்னால் வேலாயுதம் என் முகத்தில் விழிப்பாரா, ஊரில் என்ன பேசுவார்கள், ‘பூலோகம் கை குலுக்கிட்டு வடை திங்கப் போனானாம்’, ஒவ்வொரு வீட்டு மீட்டர் பெட்டிக்கு முன்னாலும் இதைக் கேட்க வேண்டியிருக்கும். சொல்லாவிட்டால் இவள் தூத்துக்குடிக்குப் போய், ஒவ்வொரு நோயாளியின் கையைத் தூக்கும்போதும் வெயில் வெயில் என்று நினைத்துக்கொள்வாள். அவள் ஐந்து வினாடி போனில் சொன்ன வார்த்தை அது. என்னுடையது எத்தனை. அவர் கண் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதை இப்போதுதான் பார்க்கிறேன். ராஜா உருண்டு என் பக்கம் வந்தபோது அவர் ராஜாவைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்க்கவில்லை, பதினேழு வருஷத்தில் ஆட்டம் முடியும் முன்னால் பலகையைவிட்டுக் கண்ணெடுக்காதவர், என் முகத்தைப் பார்த்தார். நான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இறங்குகிறார். ‘அடுத்து, அண்ணாச்சியோட கடைசியா ஆடின பாக்கியம் பெற்ற நம்ம பூலோகபாண்டியன்’ என்று வேலாயுதம் கூப்பிடுகிறார். பாக்கியம் என்றுதான் சொல்கிறார்.

எழுந்துவிட்டேன். கால் மைக்குக்குப் போகாமல் பலகைக்குப் போனது. படுக்கவைத்து ஒட்டியிருந்த கறுப்பு ராஜாவை எடுத்து நிமிர்த்தி அதன் கட்டத்தில் ஒட்டினேன். குதிரையை எடுத்து இரண்டு கட்டம் முன்னால், ஒரு கட்டம் இடதுபுறம். காந்தம் டக்கென்று பிடித்தது. பின்னால் ஒவ்வொருத்தராக நாற்காலியில் நிமிர்கிற சத்தம் கேட்டது. ‘ராணி போகுதே’ என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். நான் திரும்பி நின்றேன், வேலாயுதத்தைப் பார்க்கவில்லை, ஹெப்சியைப் பார்த்தேன். ‘அப்பா தோக்கலம்மா’ என்றேன். ‘இதை ஆடத்தான் கையை எடுத்தாவ. கை விழுந்து ராஜா சாஞ்சிது. நான் ஜெயிச்சிட்டோம்னு எந்திரிச்சிப் போயிட்டேன். உடனேன்னு உங்கிட்ட சொன்னது பொய். இருபது நிமிசத்துக்கு மேல ஆச்சி. நான் கீழ டீ குடிச்சேன், வடை தின்னேன், மேல வந்தும் கதவுகிட்டேயே நின்னேன். உன் வெயிலு இல்லம்மா. நான்தான்.’ வேலாயுதம், ‘ஏய், என்ன பேசுதே, உக்காரு’ என்று கையைப் பிடித்தார். அவள் அவரை இருக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். அழுவாள், திட்டுவாள், எழுந்து போய்விடுவாள் என்று எல்லாவற்றுக்கும் நின்றுகொண்டிருந்தேன். அவள் ஆஸ்பத்திரியில் கேட்கிற குரலில், ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

‘விழுந்தது வலது கையா?’

‘ஆமா.’

‘பேசினாவளா?’

‘இல்ல. வாயி ஒரு பக்கம் இழுத்திருந்துச்சி. நான் கவனிக்கல.’

‘கை குடுத்தாவன்னாங்களே.’

‘இடது கை.’

அவள் கண்ணை மூடித் திறந்தாள். ‘அந்தக் கையில பிடி இருந்துச்சா சித்தப்பா? இறுக்கிப் பிடிச்சாவளா, சும்மா வச்சிருந்தாவளா?’

முப்பது பேரும் என் கையைப் பார்க்கிறார்கள். நானும் அதைத்தான் பார்க்கிறேன்.

‘ரொம்ப இறுக்கிப் பிடிச்சிருந்தாவம்மா’ என்றேன். ‘விடவே இல்ல. நான்தான் இழுத்து எடுத்துக்கிட்டேன்.’